தொலைக்காட்சி விளம்பரங்களில் கோல்ஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்துகொண்டு தொலைக்காட்சி விளம்பரங்களுக்குத் தமிழ் வாசகம் எழுதுவது என் தொழில். வங்கி, காப்புறுதி, கார், குளிரூட்டி, மூட்டுவலித் தைலம் என்று எதற்கு எழுத உட்கார்ந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை பச்சைப் புல்வெளியும் வெள்ளைப் பந்தும் திரையில் வந்துவிடுகின்றன. விற்கப்படும் பொருளுக்கும் கோல்ஃபுக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களும் என் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, நான் சொல்லிவரும் பதில்களுடன் இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலோர் கோல்ஃப் ஆடுவதில்லையே, பிறகு ஏன் அதையே காட்டுகிறார்கள்?

மலேசியாவில் தாமானுக்குத் தாமான் ஆடப்படுவது பூப்பந்தும் காற்பந்தும்தான். கூட்டம், கொண்டாட்டம், நாட்டுப்பற்று ஆகியவற்றைக் காட்ட வேண்டிய விளம்பரங்கள் அவற்றைத்தான் நாடுகின்றன. கோல்ஃப் வேறொரு வேலைக்காக அழைக்கப்படுகிறது. 18 குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நல்ல வெளிச்சமுள்ள ஒரு காலைப் பொழுதில் நான்கு மணி நேரத்தை யாரிடமும் விடுப்புக் கேட்காமல் செலவழிக்கக்கூடியவர் யார்? "இவருடைய நேரம் இவருக்கே சொந்தம்" என்ற செய்தியை ஒரு சொல்கூடப் பேசாமல் இரண்டு நொடியில் சொல்லிவிடும் காட்சி அது. கடன் அட்டையும் ஓய்வுக்காலச் சேமிப்பும் காப்புறுதியும் அடிப்படையில் விற்பது அந்த நேரத்தைத்தான். பணம் வைத்திருப்பவரைக் காட்ட நகையும் மாளிகையும் போதும். நேரத்தை வைத்திருப்பவரைக் காட்டுவதற்குக் கோல்ஃபைவிட எளிய படிமம் விளம்பரக்காரர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. காற்பந்துக் காட்சியில் கூட்டத்தின் கூச்சல் வேண்டும். கூச்சல் இருந்தால் பின்னணிக் குரல் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். கோல்ஃபில் நேர்முக வருணனையாளரே தாழ்ந்த குரலில்தான் பேசுவார். 30 நொடி விளம்பரத்தில் அந்த அமைதி முழுவதும் பின்னணிக் குரலுக்கு வந்து சேர்கிறது. மேலும், எதிரணி தேவையில்லை, சட்டை நிறம் பற்றிய சச்சரவில்லை, யார் வென்றார் என்று காட்ட வேண்டியதுமில்லை.

எந்தெந்தப் பொருள்களின் விளம்பரங்களில் இது அதிகம் வருகிறது?

வங்கி, கடன் அட்டை, முதலீட்டு நிதி ஆகியவை முதல் வரிசை. கைக்கடிகாரமும் காரும் அடுத்து வரும். ஒரு காரின் பின்பெட்டி எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட, அதில் இத்தனை கோல்ஃப் பைகள் அடங்கும் என்று அடுக்கிக் காட்டுவது வெகுகாலமாக இருக்கும் வழக்கம். அரிசி மூட்டையை அடுக்கிக் காட்டினால் நம் வீடுகளுக்கு இன்னும் நன்றாகப் புரியும். பிறகு மருந்து, சத்துணவு, தைலம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள், "மைதானத்தில் இருந்தாலும் அலுவலகம் கையில்" என்று சொல்வதற்காக இதைப் பயன்படுத்துகின்றன. அந்த வாசகம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, ஏனென்றால் சொந்தமாகக் காட்டிய நேரத்தை அதே மூச்சில் பறித்துக்கொள்கிறது.

டைகர் வூட்ஸ் இந்த விளம்பரங்களை எப்படி மாற்றினார்?

அவருக்கு முன்னும் கோல்ஃப் வீரர்கள் விளம்பரங்களில் தோன்றினார்கள். ஆனால் கோல்ஃபுடன் சிறிதும் தொடர்பில்லாத இத்தனை பெரிய நிறுவனங்கள் ஒரே வீரரைச் சுற்றி நின்றது அவர் காலத்தில்தான். 1997இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், 1999இல் பியூக் கார், 2003இல் அக்செஞ்சர், 2007இல் ஜில்லெட் சவர அலகு என்று அந்தத் தொடர் நீண்டது. ஜில்லெட் விளம்பரத்தில் அவருடன் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரும் காற்பந்து வீரர் தியெரி ஆன்றியும் இருந்தார்கள். பியூக் அமெரிக்காவில் வயதானவர்களின் வண்டி என்று பெயர் எடுத்திருந்தது. இளைஞர்களைக் கவர்வதற்காக இருபதுகளில் இருந்த வீரரை ஒப்பந்தம் செய்த அந்நிறுவனத்துடன் அவருடைய உறவு 2008 வரை நீடித்தது.

இவற்றுள் நான் மாணவர்களுக்கு விரிவாக எடுத்துக்காட்டுவது அக்செஞ்சரைத்தான். அது நிறுவனங்களுக்கு மேலாண்மை ஆலோசனை சொல்லும் நிறுவனம். சோப்பைக் கையில் எடுத்துக் காட்டலாம், காரை ஓட்டிக் காட்டலாம். ஆலோசனையை எப்படிக் காட்டுவது? ஆகவே பந்தை அடிப்பதற்கு முன் தரையின் சரிவைக் குனிந்து கணிக்கும் வூட்ஸின் பார்வையையும், புதருக்குள் விழுந்த பந்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அவர் யோசிக்கும் தருணத்தையும் அந்நிறுவனம் தன் முகமாக்கிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சேவைக்கு உருவம் கொடுத்த வகையில் அது மிகவும் தேர்ந்த வேலை. ஆனால் உருவம் ஒரு தனிமனிதருடையது. 2009 நவம்பர் 27 அன்று அவர் வீட்டருகே கார் விபத்து நிகழ்ந்து, அவருடைய சொந்த வாழ்க்கை செய்தியானபோது, டிசம்பர் நடுப்பகுதிக்குள் அக்செஞ்சர் உறவை முறித்துக்கொண்டது. விமான நிலையச் சுவர்களில் இருந்த அவருடைய படங்கள் இறங்கின; பின்னர் அந்த இடத்துக்கு விலங்குகளின் படங்கள் வந்தன. விலங்குகளுக்குச் சொந்த வாழ்க்கைச் செய்தி கிடையாது என்பதை அந்நிறுவனம் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது.

வெற்றியையும் செல்வத்தையும் காட்டாத கோல்ஃப் விளம்பரம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விளம்பரமே அதுதான். அமெரிக்கக் கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர் பென்ஸாயில் என்ற இயந்திர எண்ணெய்க்காகப் பல ஆண்டுகள் தோன்றினார். அந்த விளம்பரங்களில் மக்கள் நினைவில் நின்றது அவருடைய அடி அன்று. ஒரு பழைய டிராக்டர். பால்மரின் தந்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாட்ரோப் என்ற ஊரின் கோல்ஃப் மன்றத்தில் புல்தரை பராமரிப்பவராகவும் பின்னர் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தவர். பணியாளரின் மகன் என்பதால், உறுப்பினர்களின் பிள்ளைகளைப்போல அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை சிறுவனான பால்மருக்கு இருக்கவில்லை. 1971இல் அதே மன்றத்தை அவர் விலைக்கு வாங்கினார். அப்படிப்பட்டவர் தந்தையோடு புல்தரையில் உழைத்த நாள்களை நினைவூட்டும் ஒரு டிராக்டரைக் காட்டி, "நல்ல எண்ணெய் ஊற்றினால் எவ்வளவு காலம் ஓடுகிறது பாருங்கள்" என்று சொல்லும்போது, பொருளுக்கும் காட்சிக்கும் உண்மையான உறவு ஏற்படுகிறது. புல்லை வெட்டும் கை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்ட விளம்பரம் அது. அவ்வாறு ஒப்புக்கொண்டவை மிகவும் குறைவு.

அமெரிக்க மருந்து விளம்பரங்களில் கோல்ஃப் ஏன் இத்தனை முறை வருகிறது? இங்கே ஏன் அவை வருவதில்லை?

மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மருந்தைப் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டுமே. அங்கே பக்கவிளைவுகளையும் சொல்லியாக வேண்டும். இரத்தக்கசிவு, கல்லீரல் பாதிப்பு என்று குரல் வாசித்துக்கொண்டிருக்கும்போது திரையில் என்ன ஓடுவது? அமைதியான, நலமான, ஆபத்தில்லாத ஏதாவது ஒன்று வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஸாரெல்டோ மருந்துக்காக, முதுமையில் இருந்த பால்மர், நகைச்சுவை நடிகர் கெவின் நீலன், கார் பந்தய வீரர் பிரையன் விக்கர்ஸ் ஆகிய மூவரும் கோல்ஃப் மைதானத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். 2010இல் தமக்கு மூட்டழற்சி நோய் கண்டறியப்பட்டதைச் சொன்ன கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன், என்பிரெல் என்ற மருந்தின் விளம்பரங்களில் தோன்றினார். இவர்கள் தாங்களே நோயை அனுபவித்தவர்கள் என்பதால் அந்த விளம்பரங்களை வெறும் வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண் புல்லைப் பார்க்கும்போது காது எச்சரிக்கையைக் கேட்பதில்லை என்பதும் உண்மைதான்.

மலேசியாவில் மருந்து விளம்பரங்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதியைப் பெற வேண்டும். மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகளைத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய இயலாது. எனவே இங்கே கோல்ஃப் தைலத்தோடும் சத்து மாத்திரையோடும் நின்றுவிடுகிறது.

விளம்பரங்களில் ஆட்டம் சரியாகக் காட்டப்படுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இதற்கு நான் நேரில் பார்த்த ஒரு படப்பிடிப்பையே சான்றாகச் சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மைதானத்தில், பராமரிப்புக்காக ஆட்டம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. ஒரு நிதி நிறுவனத்தின் விளம்பரம். நடிகருக்கு உடையலங்காரப் பிரிவினர் இரண்டு கைகளிலும் கையுறை மாட்டிவிட்டிருந்தார்கள். வலக்கை ஆட்டக்காரர் பொதுவாக இடக்கையில் மட்டுமே கையுறை அணிவார். இரண்டிலும் அணிந்தால் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறவரைப்போல் இருக்கும். பிறகு அவரைக் குழி இருக்கும் மெல்லிய புல்தரையில் நிறுத்தி, தொலைதூர அடிக்குரிய நீண்ட மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அங்கே நின்றிருந்த மன்றத்தின் பயிற்சியாளருக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த மட்டையை அங்கே ஓங்கி வீசினால் மாதக்கணக்கில் வளர்த்த புல் பெயர்ந்துவிடும். இறுதியில் அதே சட்டையைப் பயிற்சியாளருக்கு அணிவித்து, சரியான இடத்திலிருந்து அவரை அடிக்கச் சொல்லி, முதுகுப்புறமிருந்து படமெடுத்தார்கள். நடிகரிடமிருந்து சிரிப்பு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பந்து குழிக்குள் விழும் காட்சிக்கு, ஓர் உதவியாளர் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, காமிராவின் விளிம்புக்கு வெளியிலிருந்து பந்தை உருட்டிவிட்டார். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். ஒரு கை தூரத்திலிருந்து உருட்டியும் அது உள்ளே விழுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

விதிகளிலும் வேடிக்கையான பிழைகள் உண்டு. பந்து மெதுவாக உருண்டு, கொடிக்கம்பத்தில் மென்மையாகப் பட்டு உள்ளே விழுவது விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. 2019 ஜனவரிக்கு முன்பு, குழி அமைந்த புல்தரையிலிருந்து அடித்த பந்து, யாரும் பிடிக்காமல் குழியில் நிற்கும் கம்பத்தில் பட்டால், ஆட்டக்காரரின் கணக்கில் இரண்டு அடிகள் தண்டனையாகச் சேரும். எனவே பழைய விளம்பரங்களில் கை உயர்த்திக் கொண்டாடும் மேலாளர்களில் பலர் உண்மையில் தண்டனைக்கு உள்ளானவர்கள். அவ்வாறே, பையில் அதிகபட்சம் 14 மட்டைகள்தான் இருக்கலாம் என்பதையும், மெல்லிய புல்தரையில் கோல்ஃப் வண்டியை ஏற்றக் கூடாது என்பதையும் படக்குழுவினர் கேட்டறிந்துகொண்டால் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வானிலை காணாமல் போகிறது. இடிமின்னல் மிகுந்த நகரம் கோலாலம்பூர். பிற்பகலில் வானம் கறுத்தவுடன் மைதானத்தில் அபாயச் சங்கு ஒலிக்கும், ஆட்டக்காரர்கள் கொட்டகைக்கு ஓடுவார்கள். அந்தச் சங்கொலியை எந்த விளம்பரத்திலும் நான் கேட்டதில்லை. காப்புறுதி விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியுமா?

கோலாலம்பூருக்கும் கோல்ஃபுக்கும் எவ்வளவு பழைய உறவு?

இன்றைய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் மன்றம் 1893இல் தோன்றியது. மலேசியப் பொதுப் போட்டி 1962இல் தொடங்கியது. 1999இல் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தபோது டைகர் வூட்ஸும் மார்க் ஒமேராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். அது நடந்த மைன்ஸ் மைதானம் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்தது. வங்கிகள் போட்டிகளுக்குத் தங்கள் பெயரைச் சூட்டியபின் போட்டியே விளம்பரமாகிவிட்டது.

விளம்பரங்களின் கோல்ஃபில் பெண்களுக்கு என்ன இடம்?

வண்டியில் அமர்ந்து கைதட்டும் இடம்தான் நீண்ட காலமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு எந்த நியாயமும் இல்லை. பெண்களுக்கான தொழில்முறைப் போட்டித் தொடரான எல்.பி.ஜி.ஏ. சுற்றில் ஆடிய கெல்லி டான் (Kelly Tan) மலேசியர். அதே சுற்றின் போட்டி ஒன்று 2023 முதல் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவிலேயே நடந்துவருகிறது.

தமிழர்கள் இந்தக் காட்சிகளில் எங்கே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றையும் எழுதினேன் என்று சொல்லலாம். மலேசியாவில் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் நாட்டுக்குப் பெயர் தேடித் தந்திருக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் மட்டையைப் பிடித்திருக்கும் கை தமிழரின் கையாக இருந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

உழைத்தவர்கள் அறவே இல்லை. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களின் மன்றங்களில் சிறிய கோல்ஃப் திடல்கள் இருந்தன. என் தந்தையார் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1950களில், பள்ளி இல்லாத நாள்களில் துரையின் பையைத் தூக்கிச் சில காசு சம்பாதித்தவர். லாலாங் புல்லுக்குள் போன பந்தைக் கண்ணால் தேடக் கூடாது, விழுந்த ஓசையை வைத்துத் தேட வேண்டும் என்று இன்றும் சொல்வார். தொலைக்காட்சியில் கோல்ஃப் விளம்பரம் வந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "பைய யாரு தூக்கிட்டு வந்தா?"

புக்கிட் கியாராவின் வரலாறும் இதனுடன் சேர்ந்தது. அது ரப்பர் தோட்டமாக இருந்த இடம். 1980களின் தொடக்கத்தில் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபின், மரம் சீவி ரப்பர் பால் எடுத்த குடும்பங்கள் தற்காலிகம் என்று சொல்லப்பட்ட நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தத் தற்காலிகம் பல பத்தாண்டுகள் நீண்டது. கோல்ஃப் மைதானமும் குதிரையேற்ற மன்றமும் அப்பகுதியில் எழுந்தன. அத்தகைய பச்சைச் சரிவு திரையில் தோன்றும்போது, "நிம்மதியான எதிர்காலம்" என்று எழுத என் கை சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

இத்தகைய விளம்பரங்களுக்குத் தமிழ் வாசகம் எழுதுவதில் என்ன சிக்கல்?

ஆங்கில வாசகத்தின் நீளத்துக்குத் தமிழ் எழுதினால் 30 நொடிக்குள் அடங்காது. சொற்களில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும். கலைச்சொற்கள் அடுத்த தொல்லை. ஆட்டக்காரரின் திறன் அளவைக் குறிக்கும் 'ஹேண்டிகேப்' என்ற சொல்லை ஒருவர் 'உடற்குறை' என்று மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். ஒலிப்பதிவுக்கு முந்தைய மாலை அதைப் பிடித்து, 'ஆட்டத்தரம்' என்று மாற்றினோம். நான் பொதுவாகக் கோல்ஃப் சொற்களைத் தவிர்த்துவிட்டு, காட்சியில் உள்ள செயலை மட்டும் சொல்கிறேன். "ஒரே அடி, நேரே குழி" என்பது பாட்டி முதல் பேரன் வரை எல்லாருக்கும் விளங்கும்.

உழைப்பவர்களைக் காட்டும் கோல்ஃப் விளம்பரத்தை இங்கே எடுக்க முடியாதா?

ஒருமுறை முயன்றேன். பிள்ளைகளின் கல்விச் சேமிப்புத் திட்டம் ஒன்றுக்கு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வரும் ஒரு புல்தரைப் பணியாளரிடமிருந்து கதையைத் தொடங்கி எழுதிக்கொடுத்தேன். நீண்ட, வளையும் கழியால் புல்லின் மேலிருக்கும் பனித்துளிகளை அவர் தட்டிவிட்டபடியே நடப்பார். அவர் நடந்த பாதை மட்டும் கரும்பச்சையாகக் கோடு விழும். வாடிக்கையாளர் மீதிக் கதையை நீக்கிவிட்டு, அந்த முதல் நான்கு நொடியைத் தமிழ்ப் பதிப்பில் மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குக் குரல் வேண்டாம், கழியின் ஓசை போதும் என்று கேட்டுக்கொண்டேன், அதற்கும் இசைந்தார்கள். அது ஒளிபரப்பான இரவு என் தந்தையார் சோற்றில் கை வைத்தபடி திரையைப் பார்த்தார். "பனி தட்டுறான்" என்றார்.